கமலாதேவி எழுதாத வரிகள்

1997ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்குக் கமலாதேவி கொம்பியூட்டரைப் போட்டபோது, அவள் எழுதிக்கொண்டிருந்த சண்டை விளையாட்டின் நாற்பது எதிரிகளும் துவக்குகளைக் கரையில் அடுக்கி வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். துவக்குகள் ஒழுங்காகவே அடுக்கப்பட்டிருந்தன. மழையில் துருப்பிடிக்காமல் இருக்க மேலே ஒரு சாக்கும் விரித்திருந்தது. அந்த விளையாட்டில் கமலாதேவி மழையும் எழுதவில்லை, சாக்கும் எழுதவில்லை. அவள் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தாள். விளையாடுபவரின் படகு வழக்கம்போல முன்னே போய்ச் சுட்டது. குண்டு தண்ணீரில் விழுந்தது. நாற்பது பேரில் ஒருவன் நிமிர்ந்து, மீனைக் கலைக்க வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு மறுபடியும் வலையைக் கவனிக்கத் தொடங்கினான்.

கமலாதேவிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கொழும்பில் எட்டு வருஷம் ஒரு காப்புறுதிக் கந்தோருக்குப் புரோகிராம் எழுதியவள். நோயாளித் தாயைப் பார்க்கக் கிழக்குக் கரையில் தன் ஊரான லிங்கநகருக்கு வந்தாள். தாய் காலமான பிறகும் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் வாடகைக்கு அறை கேட்டால் முதலில் ஊரைக் கேட்டார்கள், ஊரைச் சொன்னதும் அந்த அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே அவள் பாக்கியரத்தினத்தின் கொம்பியூட்டர் வகுப்பில் ரீச்சராகச் சேர்ந்தாள். பாக்கியரத்தினம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் ஆறு கொம்பியூட்டர்களை வைத்து வகுப்பு நடத்தினார். விளையாட்டுகளைப் பெட்டியில் போட்டு விற்கிற ஒரு கொழும்புக் கம்பனியுடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. பத்து மாதத்தில் ஒரு விளையாட்டு எழுதித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கம்பனியில் சுடுகிற விளையாட்டுக்குச் சிவப்புப் பெட்டி, ஓட்டப் போட்டிக்கு நீலப் பெட்டி, மூளைக்கு வேலை தருகிறவற்றுக்குப் பச்சைப் பெட்டி. இவர்களுடையது சிவப்பு. கதை ஒரு வரிதான்: ஒரு துறைமுகம், அதைப் பிடிக்க வருகிற நாற்பது எதிரிகள், தனியாக நின்று சுடுகிற ஒரு படகு.

படம் கீறக் கிண்ணியாவில் இருந்து ஸுல்பிகா வந்தாள். இருபத்து மூன்று வயது. ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ்களுக்குப் பூவும் கொடியும் கீறிக்கொண்டிருந்தவள். தினமும் காலையில் ஆட்களை ஏற்றிக் கடத்துகிற மிதவையான படகுப்பாதையில் ஏறித் துறையைக் கடந்து, சோதனைச்சாவடிகளில் பையைத் திறந்து காட்டி, வான் வண்டியில் வந்து இறங்குவாள். கொம்பியூட்டரை முதன்முதலாகத் தொட்ட அன்றைக்கே மவுஸைப் பிடித்து ஒரு மனிதனின் முகத்தைக் கீறினாள். அது சிறிய முகம், பெருவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஆனாலும் அந்த மனிதனுக்குப் பல்வலி இருந்தது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கமலாதேவி எழுதியிருந்த மூவாயிரம் வரிகளை அதுவரை ஒருவரும் பார்க்கக் கேட்டதில்லை. பல்வலிக்காரனைப் பார்க்க இரும்புக்கடை முதலாளி படி ஏறி மேலே வந்தார். பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன கை!" என்று சொன்னார். கமலாதேவி அப்போது அவருக்குப் பக்கத்திலேதான் நின்றாள்.

நாற்பதாவது எதிரியை ஸுல்பிகா கீறி முடித்தது அந்தச் செவ்வாய்க்கு முதல்நாள். முடித்துவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, திரையைப் பார்த்தபடியே மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டாள். கமலாதேவி பின்னால் இருந்து அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு அந்தப் பொம்மைகளின் பசிகூடத் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தபோது நெஞ்சுக்குக் கீழே ஏதோ ஒன்று சுருக்கென்றது. பிறகு கொம்பியூட்டர்களை நிறுத்தி, அறையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனாள். விடிந்தபோதுதான் நாற்பது பேரும் மீனுக்குப் போயிருந்தார்கள்.

"ஸுல்பிகா, நீர் என்ர புரோகிராமில கை வைச்சனீரோ?"

"அல்லாவே! நான் ஏன் அக்கா வைக்கிற? எனக்கு அந்த எழுத்துகள வாசிக்கவும் தெரியாதே."

"அப்ப இவங்களை மீனுக்கு அனுப்பினது ஆர்?"

ஸுல்பிகா குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளுத்தது. ஆனாலும் துறைக்காரப் பெண் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. "பாரை மீன் அக்கா. நல்லாத்தான் பிடிச்சிரிக்காங்க" என்றாள்.

கமலாதேவி புரோகிராமைத் திறந்து முதல் வரியில் இருந்து வாசித்தாள். புதிதாக நானூற்றுப் பதினொரு வரிகள் இருந்தன. அவை அவளுடைய முறையிலேயே எழுதப்பட்டிருந்தன. அவள் விடுகிற இடைவெளி, அவள் வைக்கிற சுருக்கப் பெயர்கள், அவள் எப்போதும் தவறாக எழுதுகிற ஓர் இங்கிலிஷ் சொல்கூட அப்படியே இருந்தது. அவள் எழுதவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நானூற்றுப் பதினொரு வரிகளையும் அழித்தாள். அடுத்த நாள் அவை திரும்ப வந்திருந்தன, ஒரு கருவாட்டுப் பந்தலும் சேர்ந்து.

அதற்குப் பிறகு விளையாட்டு நின்ற இடத்தில் நிற்கவில்லை. பங்குனியில் அது மீன் பிடிக்கிற விளையாட்டாக இருந்தது. வலையைச் சரியான நீரோட்டத்தில் போட்டால்தான் வெல்லலாம். சித்திரையில் பிடித்த மீனை விற்கிற விளையாட்டாகி, எதிரிகளில் பன்னிரண்டு பேர் சந்தையில் கடை போட்டார்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கியபோது காற்று திரைக்குள்ளும் வீசியது. கூரைகள் பறக்காமல் கட்டி வைப்பதே அந்த மாதம் முழுவதும் விளையாட்டு. ஆனியில் பல்வலிக்காரனுக்குப் பெண் பார்த்தார்கள். விளையாடுபவர் தரகராக மாறி, இரண்டு வீட்டுக்கும் நடந்து, யார் மனமும் நோகாமல் கதைத்துப் பொருத்தத்தை முடிக்க வேண்டும். இரும்புக்கடை முதலாளி நாலு நாள் முயன்றும் முடிக்க முடியாமல், பெண்ணின் தகப்பன் பொல்லாதவன் என்று ஏசிக்கொண்டு படி இறங்கினார். ஒவ்வொரு முறையும் மாற்றத்துக்கு முதல்நாள் ஸுல்பிகா சாப்பிட்டதையோ, பாடியதையோ, யன்னலால் வெளியே பார்த்து நின்றதையோ கமலாதேவி கவனித்திருந்தாள். இப்போது இவள் என்ன நினைக்கிறாள் என்று யோசித்திருந்தாள். விடிந்தால் அது திரையில் இருக்கும். ஆகவே அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தான் பெற்ற விளையாட்டு, நேற்று வந்த ஒருத்தியின் சொல்லைக் கேட்கிறது. சொல்லைக்கூட இல்லை, நினைப்பைக் கேட்கிறது.

அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் உண்மையாகவே எரிந்தது. ஆடி மாதம் அவளுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்த தண்ணீர்க் கேத்தல் பத்து நிமிஷத்தில் கொதித்தது. அந்த நாட்களில் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. பாக்கியரத்தினம் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேத்தலைத் தானே நிரப்பிக் கொண்டுவந்து அவளுடைய கதிரையோடு அணைத்து வைத்தார். அதன் பிறகு வகுப்பில் தேத்தண்ணிக்குக் குறைவு இருக்கவில்லை. கீழே கடைக்காரரும் ஒரு போத்தல் சுடுதண்ணீர் வாங்கிப் போனார். யாரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலை அவளிடம் நேரே கேட்பது மரியாதை இல்லை. ஸுல்பிகா மட்டும் ஒரு நாள், "அக்கா, உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். "இல்லை. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று கமலாதேவி சொன்னாள். அன்றிலிருந்து அவளை 'நீர்' என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். 'நீங்கள்' என்று தூரத்தில் வைத்தாள்.

ஆவணியில் ஸுல்பிகாவுக்கு ஒரு கிழமை லீவு கொடுத்து அனுப்பிவிட்டு, கமலாதேவி கதவைச் சாத்திக்கொண்டு விளையாட்டுக்கு முன்னால் தனியாக இருந்தாள். தானும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதே திட்டம். கண்ணை மூடிக்கொண்டு பீரங்கியை நினைத்தாள். கொழும்பில் பார்த்த பெரிய கப்பல்களை நினைத்தாள். தான் சிறுமியாக இருந்தபோது கண்ட ஒரு கனவையும் நினைத்தாள், அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு புள்ளிகூட நகரவில்லை. நாலாம் நாள், திரைக்குள் இருக்கிற இவர்கள் எல்லோரும் ஸுல்பிகாவைத்தான் தேடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாள் காலை நாற்பது பேரும், பல்வலிக்காரனின் புது மனைவியும், விளையாடுபவருக்கு முதுகைக் காட்டியபடி கரையில் வரிசையாகக் குந்தி இருந்து கிண்ணியாப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தியும் ஒருவரும் திரும்பவில்லை. அன்று கேத்தல் ஆறு நிமிஷத்தில் கொதித்தது.

ஐப்பசியில் கம்பனிக்காரர் கொழும்பில் இருந்து வந்தார். அப்போது விளையாட்டு ஆட்களைக் கரைக்குக் கரை கடத்துகிற விளையாட்டாக மாறியிருந்தது. கொட்டியாரக் குடாவைப் போன்ற ஒரு குடா; ஒரு லோஞ்சு; ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஒருத்தியிடம் ஐஸ் பெட்டி, அது உருகமுதல் சேர வேண்டும். ஒருவரிடம் ஆஸ்பத்திரித் துண்டு, ஒருவரிடம் அடைகாக்கிற கோழி. யாரை முதலில் ஏற்றுவது என்பதுதான் முழு விளையாட்டும். கம்பனிக்காரர் சும்மா பார்க்க இருந்தவர், மத்தியானச் சாப்பாட்டை மறந்து விளையாடினார். கோழிக்காரரை விட்டுவிட்டுப் போன இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழும்பி, மூன்று நிறப் பெட்டிகளையும் மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது எந்தப் பெட்டிக்கும் சரிவராது ஐயா. எந்தப் பெட்டி எண்டு தெரியாத சாமானை விற்க ஏலாது" என்றார். பாக்கியரத்தினம் தலையைக் குனிந்தார். கம்பனிக்காரர் படியில் கால் வைத்தவர் திரும்பி, ஸுல்பிகாவைக் காட்டினார். "ஆனா இந்தப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புங்கோ. எங்களிட்ட வேலை இருக்கு. இவவின்ர தலைக்குள்ள இருக்கிறதுதான் இங்க ஓடுது."

கமலாதேவி நினைத்தது இவருடைய வாயிலும் வந்துவிட்டது. புரோகிராம் எழுதினது ஆர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குண்டு விழுந்து கட்டடம் போனாலும் விளையாட்டு போகக்கூடாது என்று, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அதை டிஸ்கெட்டுகளில் பதிந்து ஸுல்பிகா வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். இதைப் பாக்கியரத்தினம்தான் ஏற்பாடு செய்தார். கம்பனிக்காரர் போன மறுநாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கமலாதேவி ஆறு வரியில் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினாள். கிண்ணியாவுக்குத் தினமும் போகிற ஒரு பெண்ணின் பையில் துறைமுகத்தின் படம் உள்ள டிஸ்கெட்டுகள் இருக்கின்றன என்று அதில் இருந்தது. பொய் ஒன்றும் இல்லை. விளையாட்டில் துறைமுகம் இருந்தது, டிஸ்கெட்டில் விளையாட்டு இருந்தது. வகுப்புப் பிரிண்டரில் அச்சடித்து, இராணுவ முகாமின் விலாசத்தை எழுதி, தானே தபாற்பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு வந்து பாடம் நடத்தினாள். அன்று பின்னேரம் ஸுல்பிகா, "போயிட்டு வாறன் அக்கா" என்றபோது, வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

நாலாம் நாள் ஸுல்பிகா வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு அவளுடைய தகப்பன் வந்தார், வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். மகளைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் கமலாதேவியின் பக்கத்தில் வைத்த கேத்தலில் தண்ணீர் சூடாகவே இல்லை. மூன்றாம் நாள் காலை அவள் எழும்பிக் கொம்பியூட்டரின் வயர்களைக் கழற்றத் தொடங்கினாள். "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று பாக்கியரத்தினம் கேட்டார்.

"முகாமுக்குக் கொண்டுபோகப் போறன் ஐயா. இது விளையாட்டுத்தான் எண்டு அவையள் கண்ணால பார்க்க வேணும். ஓட்டோ ஒண்டு பிடியுங்கோ."

"உன்னையும் மறிச்சு வைச்சாங்கள் எண்டா?"

"வைக்கட்டும்."

கொழும்பில் இருந்த காலத்தில் அவள் நன்றாகச் சிங்களம் பழகியிருந்தாள். நாலு இடத்தில் கெஞ்சி, இரண்டு இடத்தில் காத்திருந்து, கடைசியில் ஓர் அதிகாரியின் மேசையில் கொம்பியூட்டரை வைத்தார்கள். அதிகாரி நாற்பது வயது மதிக்கத்தக்கவர், நித்திரையில்லாத கண். துறைமுகப் படத்தைக் காட்டு என்றார். கமலாதேவி வயரைக் கொழுவினாள். திறந்தால் துறைமுகம் வரும், ஜெட்டி வரும், வெளிச்ச வீடும் வரும். ஸுல்பிகா எந்த அறையில் இருக்கிறாள் என்று கேட்க அவளுக்குத் துணிவு இல்லை. ஸுல்பிகா இப்போது தன் இடத்தில் இருந்திருந்தால், இந்த மனிதனின் முகத்தைப் பார்த்தவுடனேயே இவன் எந்த ஊரான், எதற்கு ஏங்குகிறான் என்று தெரிந்திருக்கும் என நினைத்தாள். அப்படி நினைத்தபோது அந்த நேரத்திலும் நெஞ்சுக்குக் கீழே சுருக்கென்றது. தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திரையில் கடல் இல்லை. ஒரு குளம் இருந்தது. அணைக்கட்டும் மருத மரங்களும், தாமரை மூடிய ஒரு மூலையும், கழுத்தளவு தண்ணீரில் ஐந்து எருமைகளும் இருந்தன. நாற்பது பேரும் சாரத்தை மடித்துக் கட்டி, கையில் அடியில்லாத மீன்கூடைகளான கரப்புகளோடு சேற்றில் நின்றார்கள். சேறு கலங்குகிற இடத்தைப் பார்த்துக் கரப்பைக் கவிழ்த்தால் மீன். அதிகாரி வெகுநேரம் திரையையே பார்த்தார். இந்த மதகின் கல் எங்கே உடைந்திருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு விளையாடத் தொடங்கினார். மூன்றரை மணி வரைக்கும் விளையாடினார். இடையில் இரண்டு தடவை டெலிபோன் அடித்தது, எடுக்கவில்லை. பதினேழு மீன் பிடித்த பிறகு எழும்பி, பக்கத்து அறைக்குப் போய் ஏதோ சொன்னார். ஸுல்பிகா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே செய்துவிட்டாள் என்று கமலாதேவி நினைத்தாள். அவளைக் காப்பாற்ற வந்த இடத்திலும், காப்பாற்றியது அவளேதான்.

ஓட்டோவில் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடிபட்டு வந்தார்கள். கொம்பியூட்டர் கமலாதேவியின் மடியில். துறையடியில் மூன்று பேரும் இறங்கினார்கள். படகுப்பாதை அக்கரையில் நின்றது, அது வரக் காத்திருந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடி ஸுல்பிகா சொன்னாள்: "கடிதத்த எனக்கும் காட்டினாங்க அக்கா. எழுத்துக்கு நடுவால வெள்ளக் கோடு ஓடுது. நம்மட பிரிண்டருக்குப் புது ரிப்பன் போட்டாலும் அந்த வெள்ளக் கோடு போகாது. உள்ளுக்கு ஒரு ஊசி முறிஞ்சிரிக்கு."

கமலாதேவி கையில் இருந்த கொம்பியூட்டரை நிலத்தில் வைத்தாள்.

"நான் அவங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல" என்றாள் ஸுல்பிகா. "இனி நான் வேலைக்கு வரமாட்டன். வாப்பா விடமாட்டார். எனக்கும் ஏலாது." பாதை வந்து கரையில் முட்டியது. அவள் ஏறி, ஆட்களுக்கு நடுவில் நின்று, திரும்பிப் பார்க்காமல் போனாள். பாக்கியரத்தினம் இதை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த நாள் அவர் பிரிண்டரைத் திருத்தக் கொடுத்தார். அதைப் பற்றி அவர் சாகும்வரை கமலாதேவியிடம் வாய் திறக்கவில்லை.

ஒப்பந்தம் போய்விட்டது. விளையாட்டு போகவில்லை. பயிற்சியை முடித்த பிள்ளைகள் அரை மணி நேரம் அதை விளையாடலாம் என்று பாக்கியரத்தினம் சொன்னதில் வகுப்பு நிறைந்தது. விளையாட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கமலாதேவி அதை ஸுல்பிகாவிடம் இருந்து வருகிற தபாலைப்போல வாசித்தாள். 1998இல் நாற்பது நாள் அது புடவைக்குக் கரை தைக்கிற விளையாட்டாக இருந்தது. கலியாணம் என்று விளங்கிக்கொண்டாள். பிறகு ஒரு குசினி வந்தது, கடலைப் பார்த்த யன்னலோடு. யன்னலால் வருகிற காற்றில் அடுப்பு அணையாமல் சமைக்க வேண்டும். அந்த யன்னல் கமலாதேவியை மூன்று மாதம் நித்திரை கொள்ள விடவில்லை. 2000இல் தொட்டில் வந்தது. பிறகு சுருட்டை முடியோடு ஒரு பெண் குழந்தை நடக்கத் தொடங்கியது, நீல நிறம் அடித்த ஒரு தோணிக்கு அதன் பெயரை எழுதினார்கள். கமலாதேவி கலியாணம் செய்யவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரும் முன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் இருக்க வெக்கையாக இருக்கிறது என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள்.

2002இல் சண்டை நின்றது. சாவடிகளில் பையைப் பார்க்கிறவர்கள் சிரிக்கத் தொடங்கியபோது, கமலாதேவி லோஞ்சில் ஏறி மூதூருக்குப் போனாள். ஸுல்பிகா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள் என்று கிண்ணியாவில் விசாரித்து அறிந்திருந்தாள். ஐந்து வருஷமாகச் சொல்லாத மன்னிப்பை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று வழி முழுவதும் யோசித்தாள். வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனபோது அதை மறந்துவிட்டாள். அந்த வீட்டில் எந்த யன்னலும் கடலைப் பார்க்கவில்லை. குசினி யன்னலைத் திறந்தால் அரிசி ஆலையின் சுவர். இரண்டு ஆண்பிள்ளைகள் முற்றத்தில் டயர் உருட்டினார்கள். ஸுல்பிகா உடம்பு வைத்து, கையில் மாவோடு வந்தாள். நின்று பார்த்தாள். பிறகு, "இரிங்க அக்கா, இடியப்பம் அவிச்சிட்டு வாறன்" என்றாள்.

"மகள் எங்க?" என்று கமலாதேவி கேட்டாள்.

"எனக்கு மகள் இல்லயே. ரெண்டும் பொடியன்கள்தான்."

"நீலத் தோணி?"

"அவர் ஆலையில வேல அக்கா. எங்களுக்கு ஏது தோணி?"

கமலாதேவி ஐந்து வருஷத்தையும் சொன்னாள். தையலையும் யன்னலையும் தொட்டிலையும் சொன்னாள். ஸுல்பிகா இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"அந்த விளையாட்ட நான் மறந்தே போயிட்டன் அக்கா. அங்க இரிக்கக்குள்ளயும் அது என்ட வேல இல்ல எண்டு எத்தின தரம் சொன்னன்? நீங்கதான் பின்னால இருந்து என்ட முதுகையே பார்த்துக்கொண்டிருப்பீங்க. இவள் இப்ப இத நினைக்காள், இவள் இப்ப அத நினைக்காள் எண்டு. நான் அந்த நேரமெல்லாம் பாதை போயிடுமே எண்டு மணிக்கூட்டத்தான் பார்த்த."

"முகாமில? அந்தக் குளம்?"

"என்ன குளம்? மூண்டு நாளா என்னை நித்திர கொள்ள விடல்ல. அண்டைக்கு மத்தியானம்தான் சுவரோட சாஞ்சு கண்ண மூடின. அந்த அதிகாரி வந்து கதவத் தட்டித்தான் எழும்பின."

ஸுல்பிகா இடியப்பத்தை அவித்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பிறகு, "ஸுல்பிகா, அந்தக் கடிதம்—" என்று கமலாதேவி தொடங்கினாள். "இடியப்பம் ஆறப் போகுது. சாப்பிடுங்க" என்றாள் ஸுல்பிகா. அவள் மன்னித்தாளா இல்லையா என்பது அதற்குப் பிறகும் தெரியவில்லை. கோப்பையில் இரண்டாவது தடவையும் தேங்காய்ப்பால் சொதி விட்டாள், அவ்வளவுதான்.

திரும்பும் லோஞ்சில் கமலாதேவி சந்தோஷப்பட முயன்று பார்த்தாள். எல்லா வரிகளும் தன்னுடையவை. முதுகுகளும் குளமும் கடல் பார்த்த யன்னலும் தன்னுடையவை. ஆனால் பொறாமைப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது. வீடு காலி செய்த பிறகு சுவரில் ஆணி மட்டும் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. அன்று இரவு எந்தச் சூடும் இல்லாமல் படுத்தாள். அடுத்த நாள் விளையாட்டு மாறவில்லை. அதற்கு அடுத்த நாளும் மாறவில்லை. இரண்டு கிழமை நீலத் தோணி ஒரே அலையில் ஏறி இறங்கிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் அலுத்துப்போய் வேறு வகுப்புக்குப் போகத் தொடங்கினார்கள். பாக்கியரத்தினத்துக்கு அப்போது உடம்பு சரியில்லை. ஒரு பின்னேரம் அவர் கட்டிலில் இருந்தபடி, "பிள்ளை, நீ கொஞ்சம் வெளியில போய் நாலு பேரைப் பார்த்திட்டு வா" என்றார்.

அன்றிலிருந்து கமலாதேவி தினமும் வகுப்பு முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்து, யாரைப் பார்த்துப் பொறாமைப்படலாம் என்று தேடினாள். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, பிறகு கைவந்தது. ஐஸ்பழக்காரரின் மணியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடி வந்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். விடிந்தால் விளையாட்டில் வெயில் ஏறமுதல் ஐஸ்பழம் விற்க வேண்டும். இறக்கக்கண்டியில் கரைவலை இழுக்கிறவர்கள் ஒரே பாட்டுக்கு ஒன்றாகக் கால் வைத்ததைப் பார்த்து இரண்டு நாள் பொறாமைப்பட்டாள். சண்டை பிடித்துவிட்டு ஒரே சைக்கிளில் போன ஒரு புருஷன் பெண்சாதியைப் பார்த்துப் பட்ட பொறாமை மூன்று மாதத்துக்கு விளையாட்டாக ஓடியது. பாக்கியரத்தினம் காலமானபோது, ஊரே வந்து அழுத அவருடைய செத்த வீட்டைப் பார்த்தும் கொஞ்சம் பொறாமைப்பட்டாள். அது மிக அமைதியான ஒரு விளையாட்டு. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு விளையாடினார்கள்.

2006இல் சண்டை திரும்பத் தொடங்கி, எடுத்த சாவடிகளை எல்லாம் மறுபடியும் போட்டார்கள். சித்திரை கழிந்த ஒரு நாள் காலை கமலாதேவி பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பையைத் திறந்து பிடித்தபடி, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றாள். அப்போது ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று, கொம்பு முற்றிய ஓர் ஆண்மான், வரிசையின் பக்கத்தால் நடந்து வந்தது. காவலில் நின்ற பொடியன் அதற்காகக் கயிற்றை உயர்த்திப் பிடித்தான். மான் அவனைப் பார்க்கவும் இல்லை. கயிற்றுக்குக் கீழால் போய், வீதியைக் கடந்து, கடல் பக்கமாக இறங்கியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்கள். கமலாதேவி அன்று முழுவதும் வேறு ஒன்றையும் நினைக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். திரையில் எதிரியும் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. வீதியும் கயிறுகளும், தூரத்தில் கடலும் மட்டும் இருந்தன. முதலில் வந்து இருந்த பிள்ளை, "இதில என்ன செய்ய வேணும் மிஸ்?" என்று கேட்டாள். "நட" என்றாள் கமலாதேவி. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கதிரையில் இருந்து, நாலு குளம்புகளால் பஸ் நிலையத்தில் இருந்து கடல்வரைக்கும் நடந்தார்கள். பதினொரு சாவடிகள் இருந்தன. ஒன்பது பேரிடமும் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.